அப்பாவுக்கு இரைப்பையில் பசை வைத்தார்கள், மறுபடியும் போக வேண்டுமா டாக்டர்?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீளமாகக் கடிதம் எழுதி, ரிப்போர்ட்டுகளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பெயர், ஊர், மருத்துவமனை எதையும் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 61. விசைத்தறி வைத்திருந்தவர். 15 வருடமாகச் சர்க்கரை, கொஞ்சம் உடல் பருமன், குடிப்பழக்கம் கிடையாது. ஏழு வாரத்துக்கு முன் ஒருநாள் விடியற்காலையில் வாஷ்பேசின் நிறைய ரத்த வாந்தி எடுத்தார். பக்கத்து நர்சிங் ஹோமில் "அல்சர் வெடித்திருக்கும்" என்று ஊசி போட்டு அனுப்ப, அன்று சாயங்காலம் மறுபடி வாந்தி. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தபோது ஹீமோகுளோபின் 6.4. எண்டோஸ்கோபி செய்து, இரைப்பையின் மேல்பகுதியில் ரத்தக்குழாய் புடைத்து வெடித்திருக்கிறது என்று சொல்லி 2 மில்லி பசை செலுத்தினார்கள். ரத்தம் நின்றுவிட்டது. கல்லீரல் சுருங்கியிருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. "நாலு வாரத்தில் மறுபடி வாங்க, பாக்கி இருந்தால் இன்னொரு தடவை பசை வைக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். இவர்கள் போகவில்லை. பணம் ஒரு காரணம். உறவினர் ஒருவர் "அது ஃபெவிக்விக் மாதிரிதான், நுரையீரலுக்குப் போய் ஆளையே முடிச்சிடும்" என்று சொன்னது இன்னொரு காரணம். "அதான் ரத்தம் நின்னுடுச்சே, மாத்திரை போதாதா? என் பெரியப்பாவுக்கு ரப்பர் பேண்டு போட்டே சரியாயிடுச்சே, அப்பாவுக்கு ஏன் போடலை? ஹீமோகுளோபின் 8.1 இருக்கும்போதே இனி ரத்தம் ஏற்ற மாட்டோம்னு ஏன் சொன்னாங்க? ஊரே அப்பா ரகசியமா குடிக்கிறார்னு பேசுது, அதற்கு என்ன பதில் சொல்வது?" இவைதான் அவர் கேள்விகள். தை மாதம் இவருடைய தங்கைக்குத் திருப்பூரில் கல்யாணம், அதற்கு அப்பாவை அழைத்துப்போகலாமா என்பது கடைசிக் கேள்வி.

அன்புத் தங்கைக்கு,

போன வாரம் ஒருநாள் அப்பாவுக்கு மலம் கருப்பாகப் போனது என்று மூன்றாவது பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் பதில் எழுதும்வரை காத்திருக்க மனம் வரவில்லை. அதனால்தான் அன்றைக்கே அழைத்து உடனே ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன். ஹீமோகுளோபின் 8.9 என்று வந்ததும், நாடித்துடிப்பும் பிரஷரும் சரியாக இருந்ததும் பெரிய நிம்மதி. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மலம் கரும்பச்சையாகக் கெட்டியாகப் போகும். உள்ளே ரத்தம் கசிந்தால் அது தார் மாதிரி, பளபளப்பாக, ஒட்டிக்கொள்கிற மாதிரி, தனி நாற்றத்தோடு போகும். சந்தேகம் வந்தால் வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

சரி, இனி நிதானமாகப் பேசலாம். நீங்களும் உங்கள் குடும்பமும் நடந்ததை "அல்சர் வெடித்தது, ஒட்டிவிட்டார்கள்" என்றே மனதில் வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் அடுத்த தடவை போவது வீண் செலவு என்று தோன்றுகிறது. இது அல்சர் இல்லை. காரம் சாப்பிட்டதால் வந்ததும் இல்லை. குடல், மண்ணீரல் எல்லாவற்றிலிருந்தும் வரும் ரத்தம் ஒரு பெரிய குழாய் வழியாக ஈரலுக்குள் நுழைந்து, வடிகட்டப்பட்டு, அப்புறம்தான் இதயத்துக்குத் திரும்புகிறது. ஈரல் தழும்பாகி இறுகிவிட்டால் அந்த ரத்தத்துக்கு வழி அடைபடும். மடையை அடைத்தால் வாய்க்கால் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குள் பாயும் என்பதை ஈரோட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே மாதிரிதான் இங்கேயும். ரத்தம் உணவுக்குழாய், இரைப்பை சுவர்களில் இருக்கிற சின்னச் சின்னக் குழாய்களுக்குள் பாய்ந்து அவற்றை ஊதவைக்கிறது. இந்தப் புடைப்புகளைத்தான் வேரிசஸ் என்கிறோம். ஈரல் அழுத்தம் ஏறியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இரைப்பையில் இவை வருகின்றன. உணவுக்குழாயில் இருப்பவற்றைவிட இவை வெடிப்பது குறைவு, ஆனால் வெடித்தால் ரத்தம் கொட்டும். உங்கள் வீட்டு வாஷ்பேசினில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

பெரியப்பாவுக்கு ரப்பர் பேண்டு, அப்பாவுக்குப் பசை, ஏன்?

பெரியப்பாவுக்கு இருந்தது உணவுக்குழாயில். அங்கே குழாய்கள் மெல்லிசாக, நீளவாக்கில் ஓடும். எண்டோஸ்கோபி நுனியில் இருக்கும் மூடிக்குள் அதை உறிஞ்சி இழுத்து, அந்தப் புடைப்பின் அடியில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டால் சில நாளில் சுருங்கி விழுந்துவிடும். அப்பாவுக்கு இருப்பது இரைப்பையின் மேல்கூரையில், திராட்சைக் குலை மாதிரி தடிமனான முடிச்சு. அதை முழுசாக மூடிக்குள் இழுக்க முடியாது. பாதியை மட்டும் பிடித்து வளையம் போட்டால், வளையம் கழன்று விழுகிற நாளில் அந்த இடத்தில் புண் இருக்கும், அடியில் ரத்தம் நிறைந்த பெரிய குழாய் திறந்து கிடக்கும். அப்புறம் வரும் ரத்தப்போக்கை நிறுத்துவது மிகவும் கஷ்டம்.

இந்த வேறுபாட்டை ஒழுங்காக வகை பிரித்துக் கொடுத்தவர் டெல்லி ஈரல் மருத்துவர் ஷிவ் குமார் சரின். 1992-ல் அவர் குழு வெளியிட்ட வகைப்பாட்டைத்தான் உலகம் முழுக்க இன்றும் பயன்படுத்துகிறோம். உங்கள் ரிப்போர்ட்டில் "ஐஜிவி 1" என்று எழுதியிருப்பது அந்த வகைப்பாட்டில் ஒன்று. உணவுக்குழாயோடு தொடர்பில்லாமல் இரைப்பையின் மேல்பகுதியில் மட்டும் இருக்கும் புடைப்பு என்று அர்த்தம். இந்த வகையைப் பார்த்தால் மண்ணீரல் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்றும் தேடுவோம், ஏனென்றால் அது மட்டுமே காரணம் என்றால் வைத்தியமே வேறு. கணையம் வீங்கியவர்களுக்கு அப்படி வருவதுண்டு. அப்பாவின் ஸ்கேனில் அந்தக் குழாய் திறந்திருக்கிறது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆக காரணம் ஈரல்தான்.

அந்தப் பசை என்ன, உள்ளே என்ன ஆகிறது?

உறவினர் சொன்னதில் பாதி உண்மை. கடையில் விற்கும் உடனடிப் பசையும் இதுவும் சயனோஅக்ரிலேட் என்கிற ஒரே குடும்பம். ஆனால் கடைப் பசை எத்தில் வகை, மருத்துவத்துக்குப் பயன்படுத்துவது பியூட்டில் வகை. 1986-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நிப் சோஹெந்திரா என்ற மருத்துவர், ரத்தம் கக்கிக்கொண்டிருந்த இரைப்பை வேரிசஸில் இதைச் செலுத்திக் காட்டினார். அதிலிருந்து இன்றுவரை எண்டோஸ்கோபி வழியாக இந்த நோய்க்குச் செய்கிற முக்கிய வைத்தியம் இதுதான்.

செய்கிற அறைக்குள் நீங்கள் வந்ததில்லை என்பதால் சொல்கிறேன். எண்டோஸ்கோபிக் குழாயை இரைப்பைக்குள் விட்டு, நுனியைத் திருப்பி மேலே பார்ப்போம். நீலம் பாய்ந்த முடிச்சு தெரியும். பசை கண்ணில் தெறித்தால் ஆபத்து என்பதால் கூட நிற்கிற சிஸ்டர் கண்ணாடி மாட்டியிருப்பார். ஊசியை முடிச்சுக்குள் இறக்கியதும் அவர் பசையைத் தள்ளுவார், ஊசிக்குழாயில் மிச்சம் இருப்பதையும் உள்ளே அனுப்ப உடனே அடுத்த சிரிஞ்சைத் தள்ளுவார், நான் ஊசியை வெளியே இழுப்பேன். எல்லாம் சில நொடிகள்தான். தாமதித்தால் ஊசி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், அவசரப்பட்டால் பசை வெளியே சிந்தும். ரத்தம் பட்டதும் பசை கல்லாகிவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஊசியை உள்ளே இழுத்துக்கொண்ட வெறும் குழாய் நுனியால் முடிச்சை மெதுவாகத் தொட்டுப் பார்ப்போம். மெத்து மெத்தென்று அமுங்கினால் உள்ளே இன்னும் ரத்தம் ஓடுகிறது. கூழாங்கல் மாதிரி கடினமாக இருந்தால் அடைபட்டுவிட்டது.

உங்களை நான்கு வாரத்தில் வரச் சொன்னது இதைத் தொட்டுப் பார்க்கத்தான். முதல் தடவை ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது எதிரே தெரிந்த ஓட்டையை அடைப்பதே பெரிய காரியம், குலை முழுவதும் அடைபட்டதா என்று அப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. பசை வைத்ததும் ரத்தம் நிற்பது பத்தில் ஒன்பது பேருக்கு நடக்கும். அதற்குப் பிறகு மீதி முடிச்சிலிருந்து மறுபடி வெடிப்பதுதான் எங்களுக்கு உள்ளூர பயம். கல்லான பசையை உடம்பே சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மெல்ல இரைப்பைக்குள் தள்ளிவிடும், மலத்தோடு போய்விடும். அது "வாழ்நாள் முழுக்க உள்ளே ஒட்டிக்கிடக்கும்" என்று நீங்கள் நினைப்பது சரியில்லை. அது வெளியே வருகிற இடத்தில் புண் இருக்கும், அடியில் குழாய் சரியாக அடைபடவில்லை என்றால் அந்தப் புண்ணிலிருந்தும் ரத்தம் வரலாம். ஏழு வாரம் ஆகிவிட்டது. இனியும் தள்ளிப்போடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

நுரையீரலுக்குப் போகுமா?

போகலாம். அரிது, ஆனால் நடக்காது என்று நான் சொன்னால் அது பொய். இந்த முடிச்சுகள் பல பேருக்கு இடது சிறுநீரக ரத்தக்குழாயோடு ஒரு பெரிய குறுக்குவழியால் இணைந்திருக்கும். பசை இறுகும் முன் அந்த வழியில் நழுவினால் இதயத்தின் வலதுபக்கம் போய் நுரையீரலில் மாட்டும். துளி அளவாக இருந்தால் எக்ஸ்ரேயில் மட்டும் தெரியும், பெரிதாக இருந்தால் மூச்சுத் திணறல், ஆபத்து. காய்ச்சல், கிருமித் தொற்று வருவதும் உண்டு. இதைக் குறைக்க ஒரு ஊசிக்கு ஒரு மில்லிக்கு மேல் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவோம். அடுத்த தடவைக்கு முன் சாயம் செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேனில் அந்தக் குறுக்குவழி எவ்வளவு அகலம் என்று பார்த்துக்கொள்வதும் நல்லது. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஸ்கேனுக்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை பாருங்கள்.

அந்த வழி அகலமாக இருந்தால் பசை மட்டும்தான் என்று இல்லை. உள்ளேயிருந்தே ஸ்கேன் எடுக்கும் எண்டோஸ்கோபி வழியாக முடிச்சுக்குள் முதலில் மெல்லிய கம்பிச்சுருளை இறக்கிவிட்டு, அதன்மேல் பசையைச் செலுத்துகிறார்கள். சுருள் வலை மாதிரி பசையைப் பிடித்துக்கொள்ளும். கதிரியக்க மருத்துவர் தொடை அல்லது கழுத்து ரத்தக்குழாய் வழியாகப் போய் அந்தக் குறுக்குவழியையே அடைப்பது இன்னொன்று. நல்ல முறைதான், ஆனால் ஒரு வழியை அடைத்தால் அழுத்தம் வேறு பக்கம் ஏறும், வயிற்றில் நீர் கூடலாம், உணவுக்குழாயில் புதிதாகப் புடைக்கலாம். ஈரலுக்குள்ளேயே ஒரு ஸ்டென்ட் வைத்து அழுத்தத்தைக் குறைக்கிற டிப்ஸ் என்ற முறையும் உண்டு, அதில் சிலருக்குக் குழப்பம், மயக்கம் வரும். அப்பாவின் ரிப்போர்ட்டுகளை வைத்துப் பார்த்தால், நான் முதலில் பசையையோ, வசதி இருக்கிற இடத்தில் சுருளும் பசையுமாகவோதான் செய்வேன், மற்றவற்றை இது பலிக்காவிட்டால் யோசிப்பேன். நேரில் பார்க்கிற மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் காரணம் கேளுங்கள், அவர் பார்ப்பது எனக்குத் தெரியாமல் இருக்கலாம்.

மாத்திரை மட்டும் போதாதா என்று கேட்டீர்கள். டெல்லியில் இதையே ஒப்பிட்டுப் பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். ஒருமுறை ரத்தம் கொட்டியவர்களில் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு மறுபடி ரத்தம் வந்தது, பசை வைத்தவர்களில் 15 சதவீதம். இறந்தவர்களின் எண்ணிக்கையிலும் அதே மாதிரி பெரிய வித்தியாசம். அதற்காக மாத்திரை வீண் என்று இல்லை. அந்தக் குழாய்களின் அழுத்தத்தைக் குறைக்க அப்பாவுக்குக் கொடுத்த ப்ராப்ரனலால் மாத்திரையை, நாடித்துடிப்பு 58-க்கு வந்துவிட்டது என்று பயந்து நீங்களே நிறுத்தியிருக்கிறீர்கள். தங்கை, 55-லிருந்து 60 வரை கொண்டுவருவதற்காகத்தான் அந்த மாத்திரையே! மேல் பிரஷர் 90-க்குக் கீழே போனாலோ, தலைசுற்றினாலோ நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்பதால் இன்னொன்று: சர்க்கரை இறங்கும்போது வருகிற படபடப்பை இந்த மாத்திரை மறைத்துவிடும். வியர்த்தால் உடனே சர்க்கரை பாருங்கள்.

ரத்தம் ஏற்ற மறுத்ததும் கஞ்சத்தனம் இல்லை. ரத்தத்தை நிறைய ஏற்றினால் அந்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி மறுபடி வெடிக்கும். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றுவதே நல்லது என்று 2013-ல் பார்சிலோனாவிலிருந்து வந்த ஒரு ஆய்வு காட்டியது, அதிலிருந்து 7-லிருந்து 8 வரை வைத்திருப்பதையே வழக்கமாகக் கொண்டிருக்கிறோம். 8.1-ல் நிறுத்திய மருத்துவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

வீட்டில் இரண்டு விஷயம் மாற வேண்டும். ஒன்று, மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடுகிற அந்தக் கலர் மாத்திரைகள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகைகள் அப்பாவுக்கு இனி வேண்டவே வேண்டாம், இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் சேர்த்துக் கெடுதல். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால், நாளைக்கு மொத்தம் 2 கிராமுக்கு மிகாமல். இரண்டு, கஞ்சியும் மோரும் மட்டும் கொடுக்கிறீர்களே, அது அவரை மெலியவைக்கும். 64 கிலோ எடை இருக்கிறவருக்கு நாளுக்குச் சுமார் 75 முதல் 95 கிராம் வரை புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, தயிர், மீன் எல்லாம் கொடுங்கள், ராத்திரி படுக்கும் முன்னும் கொஞ்சம் சாப்பிடட்டும். வயிற்றில் லேசாக நீர் இருப்பதால் குறைக்க வேண்டியது உப்பு.

மறுபடி ரத்தம் வந்தால்

108-ஐ அழையுங்கள், இடதுபக்கம் சாய்த்துப் படுக்கவையுங்கள், தண்ணீர்கூட வாயில் ஊற்றாதீர்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "அல்சர்" என்று சொல்லாமல், "இரைப்பையில் வேரிசஸ், பசை வைத்திருக்கு" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். போன தடவை அந்த ஒரு வார்த்தை தெரியாததால் ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது. அப்படிச் சொன்னால்தான் அழுத்தத்தைக் குறைக்கிற ஊசியும் ஆன்டிபயாடிக்கும் உடனே ஆரம்பிப்பார்கள், 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி செய்கிற இடத்துக்கு அனுப்புவார்கள். ராத்திரி தூங்காமல் பகலில் தூங்குவது, பேச்சு குழறுவது, பசை வைத்தபின் காய்ச்சல், மூச்சு வாங்குவது, இவற்றுக்கும் அதே அவசரம்தான்.

பணமும் காகிதமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் வருமானச் சான்றிதழோடு இப்போதே விண்ணப்பியுங்கள், இருந்தால் மருத்துவமனையில் இருக்கும் அந்தத் திட்ட அலுவலரிடம் இந்தச் சிகிச்சை வருமா என்று சேரும் முன்பே கேளுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சென்னை ஸ்டான்லியிலும், மதுரை ராஜாஜியிலும் இரைப்பை-குடல் துறை இருக்கிறது. கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பழைய மருத்துவமனையிடம் டிஸ்சார்ஜ் சம்மரி, எண்டோஸ்கோபி படங்கள், சிடி, எத்தனை இடத்தில் எவ்வளவு பசை என்கிற விவரம் எல்லாம் கேட்டு வாங்குங்கள். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் வருட ஒழுங்குமுறையே சொல்கிறது. எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது கருத்து கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்கிற மருத்துவர்கள் இருக்கலாம், நீங்கள் அதற்காகத் தயங்க வேண்டாம். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஈரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகளில் பிலிருபின் 1.6, ஆல்புமின் 3.1, ஐஎன்ஆர் 1.4, வயிற்றில் லேசான நீர் என்று கூட்டினால், ஈரல் பாதிப்பை ஏ, பி, சி என்று பிரிக்கிற கணக்கில் அவர் நடுத்தர நிலையில், பி வகுப்பின் முதல் படியில் இருக்கிறார். மாற்று ஈரல் இன்றைக்கே வேண்டும் என்கிற நிலை இல்லை. ஆனால் நீர் கூடினாலோ, மஞ்சள் காமாலை வந்தாலோ தாமதிக்காமல் அந்தப் பேச்சை எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும் எடுக்க வேண்டும், சுருங்கிய ஈரலில் கட்டி வந்தால் அதில்தான் சீக்கிரம் தெரியும்.

ஊர்ப் பேச்சைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் எழுத்தெல்லாம் கலைந்திருந்தது, அழுதுகொண்டே எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். ஈரலைக் கெடுக்கும் வைரஸ்களான ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் அவருக்கு இல்லை. பல வருடச் சர்க்கரையும் கொழுப்பு படிந்த ஈரலும் சேர்ந்தால் ஒரு சொட்டு மது தொடாதவருக்கும் ஈரல் சுருங்கும், என்னிடம் வருகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். பேசுகிறவர்களிடம் அந்த ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பாவிடம் மட்டும், "உங்க மேல தப்பு இல்லைன்னு டாக்டர் எழுதியிருக்கார்" என்று வாசித்துக் காட்டுங்கள். இரண்டு மாதமாக அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்களே, அவருக்கு வேண்டியது அந்த வார்த்தைதான். எடை கூடியிருக்கிற, சர்க்கரை எல்லையில் இருக்கிற உங்கள் தம்பியையும் ஒரு தடவை ஈரல் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்குத் தாராளமாக அழைத்துப்போங்கள். அதற்குள் இரண்டாவது எண்டோஸ்கோபி முடிந்திருக்க வேண்டும், பசை வைத்தால் அப்புறம் இரண்டு வாரமாவது இடைவெளி இருக்கட்டும். திருப்பூர் ஒன்றும் தூரமில்லை, ரிப்போர்ட் ஃபைல் மட்டும் வண்டியிலேயே இருக்கட்டும். மணமேடையில் அவர் உட்கார்ந்து தாரைவார்த்துக் கொடுக்க ஒரு தடையும் இல்லை. பந்தியில் ஊறுகாயையும் அப்பளத்தையும் மட்டும் இலையில் வைக்க வேண்டாம் என்று பரிமாறுகிறவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.